சிற்றிலும் சின்ன வீடும்

அண்மையில் ஒரு சிறுகதைக் கலந்துரையாடலில் உட்கார்ந்திருந்தேன். இருபது பேர் வந்திருந்தால் அதிகம். நண்பர் ஒருவரின் கதையைப் பேச எடுத்திருந்தார்கள். ஓர் ஆணும் பெண்ணும் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்குகிறார்கள். கல்யாணம் ஆகவில்லை. கதையில் அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் நடக்காது. ஒரு நாள் குழாயில் தண்ணீர் வராது, இருவரும் சண்டை போட்டுக்கொள்வார்கள், பிறகு தண்ணீர் வந்துவிடும். நிறைய வாசித்தவர், மரியாதைக்குரியவர், ஒரு மூத்தவர் எழுந்தார். "இதெல்லாம் வாழ்க்கை இல்ல தம்பி. பிளேயிங் ஹவுஸ். மொதல்ல குடும்பம்னா என்னன்னு தெரிஞ்சிக்கிட்டு வந்து எழுதுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அந்தச் சிரிப்புதான் உறுத்திக்கொண்டிருக்கிறது.

ஐயா மணிக்கணக்கில் நல்ல தமிழில் பேசக்கூடியவர். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் ஏன் ஆங்கிலத்துக்குப் போனார்? தமிழில் சொல்லியிருந்தால் அவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். 'அப்பா அம்மா விளையாட்டு' என்று சொல்லியிருக்கலாம். கேட்கிறவர்களுக்குக் கொட்டாங்குச்சியும் மண்ணும் ஞாபகம் வந்து மனசு இளகியிருக்கும். 'சேத்து வச்சிக்கிட்டுத் திரியிறான்' என்று சொல்லியிருக்கலாம். மன்றத்தில் சொல்லக் கூசியிருக்கும். ஆங்கிலத் தொடருக்கு அந்தச் சங்கடம் கிடையாது. குழந்தைகள் குடும்பம் நடத்தி விளையாடுவதற்கும் அதுதான் பெயர், கல்யாணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழ்கிறவர்களை இளப்பமாகக் குத்துவதற்கும் அதுதான் பெயர். பொறுப்பு எதையும் ஏற்காமல் குடித்தனத்தின் சுகத்தை மட்டும் ருசி பார்ப்பது என்று மூன்றாவதாகவும் ஒரு பொருள் உண்டு. மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுத்துவிடலாம். கன்னத்தைக் கிள்ளுகிற மாதிரி அறையலாம்.

மலாய்க்காரர்கள் இந்த விஷயத்தில் நேர்மையானவர்கள். மாசாக் என்றால் சமைப்பது. மாசாக்-மாசாக் என்று இரட்டித்தால் சமைக்கிற மாதிரி விளையாடுவது. லாங்கிட் வானம், லாங்கிட்-லாங்கிட் வீட்டுக்குள் நம் தலைக்கு மேலே இருக்கிற மச்சு. ஓராங் மனிதன், ஓராங்-ஓராங் என்றால் சோளக்கொல்லைப் பொம்மையும்தான். ஒரு சொல்லை இரண்டு தடவை சொன்னால் அசல் போலியாகிவிடலாம் என்று அந்த மொழிக்குத் தெரியும். ஆனால் கல்யாணமாகாத இருவரைத் திட்டுவதற்காக அந்த மாசாக்-மாசாக்கைத் தூக்கிக்கொண்டு வந்து நான் கேட்டதில்லை. திட்ட அவர்களிடம் வேறு சொல் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. அது இன்னொரு கட்டுரைக்கு.

நம் கதைக்கு வருவோம். மணலில் பெண் பிள்ளைகள் கட்டும் விளையாட்டு வீட்டுக்குப் பழந்தமிழில் சிற்றில் என்று பெயர். சிறுமை, இல். சின்ன வீடு. அதை அப்படியே இன்றைய தமிழில் சொல்லிப் பாருங்கள். பாக்கியராஜ் 1985இல் அதே பெயரில் ஒரு படம் எடுத்தார். தலைப்புக்கு யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. ஒரே இரண்டு சொற்கள், ஒரே சேர்க்கை. ஒரு காலத்தில் எட்டு வயசுப் பெண்ணின் மணல் வீடு, இன்னொரு காலத்தில் ஊருக்குத் தெரியாமல் ஒருவன் வைத்துக்கொள்கிற பெண். ஆங்கிலத் தொடர் தனக்குள் அமுக்கி வைத்திருக்கிற இரண்டு பொருளும் நம்மிடமும் இருந்திருக்கிறது. நாம் அவற்றைத் தனித்தனிப் பானையில் போட்டு மூடிவிட்டோம். ஒன்றைப் பாடத்திட்டத்தில் வைத்தோம், மற்றதைத் திண்ணைப் பேச்சில்.

பாடத்திட்டத்துப் பானையைத் திறந்தால் அங்கேயும் விஷயம் அவ்வளவு சாதுவாக இல்லை. கலித்தொகையில் கபிலர் பாடிய குறிஞ்சிக்கலிப் பாட்டு ஒன்று எல்லாருக்கும் தெரியும். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு வந்து கையைப் பிடிக்கிறான் ஒருவன். அவன் யார் என்று பாட்டின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறாள்: சின்ன வயசில் தெருவில் நாங்கள் கட்டிய மணல் வீட்டைக் காலால் எத்தியவன். அகநானூற்றில் ஒரு நெய்தல் பாட்டு. கடற்கரையில் பெண்கள் மணல் வீடு கட்டிச் சிறுசோறு ஆக்கி விளையாடுகிறார்கள். வழிப்போக்கன் போல ஒருவன் வந்து, பொழுது போய்விட்டது, உங்கள் சோற்றைத் தின்றுவிட்டு இந்த ஊரிலேயே தங்கட்டுமா என்று கேட்கிறான். மணல் சோறு என்று அவனுக்கும் தெரியும், கேட்கிற பெண்களுக்கும் தெரியும். ஆனாலும் கேள்வி நிஜம். பிள்ளைத்தமிழுக்கு வந்தால் ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில் என்று ஒரு பருவமே வைத்துவிட்டார்கள். பாட்டுடைத் தலைவனாகிய ஆண் குழந்தையிடம், எங்கள் வீட்டை அழிக்காதே என்று பெண் பிள்ளைகள் கெஞ்ச வேண்டும். ஆண்டாளும் அதைத்தான் கண்ணனிடம் கேட்டாள். ஆயிரம் ஆண்டுகளாகப் பெண்கள் கட்டுகிறார்கள், ஆண்கள் எத்துகிறார்கள், புலவர்கள் அந்த எத்தலை அழகு என்கிறார்கள். அன்று மன்றத்தில் எழுந்து நின்ற ஐயாவின் காலையும் நான் அந்த வரிசையில்தான் பார்க்கிறேன்.

சங்கப் பாட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் எல்லாம் நியாயமாகிவிடும் என்று நினைக்கிற ஆள் நான் இல்லை. களவு இருந்தது, உடன்போக்கு இருந்தது, ஆகவே எங்கள் வாடகை அறையும் தமிழ்ப் பண்பாடே என்று வாதாடுவது சோம்பேறித்தனம். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பொய்யும் தவறும் தோன்றிய பிறகுதான் பெரியவர்கள் சடங்கை வகுத்தார்கள் என்று தொல்காப்பியம் சொல்கிறது. அதாவது வாழ்க்கை முதலில் இருந்தது. ஏமாற்று நடந்ததால் சாட்சிக்கு ஆள் வைத்தார்கள். சடங்கு ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. பூட்டு மாதிரி. பூட்டு இல்லாத வீட்டை வீடே இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

அப்புறம், 'குடும்பம் நடத்துவது' என்கிறோமே, அந்த வினையைக் கவனித்திருக்கிறீர்களா? நாடகம் நடத்துகிறோம், கடை நடத்துகிறோம், குடும்பமும் நடத்துகிறோம். கோவிலில் சாமியைக் காலையில் எழுப்புகிறோம், குளிப்பாட்டுகிறோம், சோறு காட்டுகிறோம், இரவானால் மதுரையில் பள்ளியறைக்குக் கொண்டுபோய்த் தூங்கவும் வைக்கிறோம். வருஷா வருஷம் மீனாட்சிக்குக் கல்யாணம். ஆண்டாள் கண்டது கல்யாணக் கனவு. அந்தப் பாசுரங்களை வைணவக் கல்யாணங்களில் நிஜ மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பாடுகிறார்கள். பாவனையை இவ்வளவு பக்தியோடு செய்கிற ஒரு சமூகத்துக்குப் 'பாவனை' என்பது எப்படி வசவாயிற்று?

இனி என் அத்தை.

அத்தைக்கும் மாமாவுக்கும் 1986இல் தோட்டத்து மாரியம்மன் கோவிலில் கல்யாணம். மாமா அப்போது பால்மரத்தில் வேலை. பிறகு தோட்டத்தை விற்றார்கள், லயத்தை இடித்தார்கள், மாமா லோரி ஓட்டப் போனார், குடும்பம் மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்தது. மூன்று பிள்ளைகள். 29 வருஷம். 2015இல் ஒரு நாள் லோரியை நிறுத்திவிட்டு இறங்கிய மாமா அப்படியே விழுந்தார். காரியம் எல்லாம் முடிந்து, அவர் பெயரில் இருந்த பணத்தைக் கேட்க அத்தையை நான்தான் ஓர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். அத்தை ஒரு பிஸ்கட் டின்னைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். உள்ளே கல்யாணப் படம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், மின்சார பில், மாமாவின் சம்பளச் சீட்டு. கழற்றிய தாலியும் ஒரு துணியில் முடிந்து அதிலேயே இருந்தது.

முகப்பில் இருந்த பெண் மரியாதையாகத்தான் கேட்டார். "ஆன்ட்டி, சிஜில் காவின் அடா?" திருமணச் சான்றிதழ் இருக்கிறதா? அத்தை படத்தைக் காட்டினார். அந்தப் பெண் படத்தைக் கையில் வாங்கி, உண்மையாகவே ரசித்து, அழகா இருந்திருக்கீங்க என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பிறகு கணினியைப் பார்த்தார். பிள்ளைகளின் பத்திரத்தில் தகப்பன் பெயர் இருக்கிறது, அவர்கள் வந்து கேட்கலாம். உங்கள் நிலை இங்கே 'பூஜாங்' என்று இருக்கிறது.

பூஜாங் என்றால் கல்யாணமாகாதவர். வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்த பிறகு அத்தை கேட்டார், "அப்ப இத்தன வருசம் நான் யாருக்குப் பாப்பா சோறாக்கிப் போட்டேன்?" கோபம் இல்லை, அழுகையும் இல்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்ட மாதிரிதான் இருந்தது.

நம் நாட்டில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கான திருமணச் சட்டம் 1976இல் நிறைவேறி, 1982 மார்ச் 1இல் நடப்புக்கு வந்தது. பலதார மணத்தை அது நிறுத்தியது, பெண்ணுக்கு நீதிமன்றத்தில் பேச ஓர் இடம் கொடுத்தது. நான் அந்தச் சட்டத்துக்கு எதிரி கிடையாது. சிங்கப்பூரில் 1961இலேயே மாதர் சாசனம் இதைச் செய்துவிட்டது. ஆனால் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடுகளில் 1981இல் தாலி கட்டியவள் மனைவி, 1986இல் தாலி கட்டியவள் பூஜாங். பதிவு செய்ய வேண்டும் என்று அத்தைக்குச் சொல்ல வேண்டிய கிராணி சொல்லவில்லை, பூசாரி சொல்லவில்லை, மேடையில் பேசிய தலைவர்களும் சொல்லவில்லை. வேடிக்கை என்னவென்றால், 1994இன் குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி அத்தை மனைவிதான். மத வழக்கப்படி சடங்கு நடந்திருந்தால் போதும், பதிவு இல்லாவிட்டாலும் வாழ்க்கைத் துணை என்கிறது அது. மாமா அடித்திருந்தால் அத்தை மனைவி. மாமா செத்துப்போனதால் கன்னி.

இன்னும் மோசமானதும் உண்டு. தகப்பன் மலேசியக் குடிமகன், தாய் வெளிநாட்டுப் பெண் அல்லது எந்த நாட்டுப் பத்திரமும் இல்லாதவள். கோவிலில் தாலி ஏறியது, பதிவு இல்லை. பிள்ளை தகப்பன் வழியில் குடியுரிமை கேட்க முடியாது. திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையை அரசியலமைப்பு தாயின் கணக்கில்தான் எழுதுகிறது. பள்ளிக்கூடத்து வாசலில் நிற்கிற அந்தப் பிள்ளையிடம் போய், உங்க அப்பா அம்மா பிளேயிங் ஹவுஸ் என்று ஐயா சொல்வாரா? சொல்ல மாட்டார். அவர் நல்ல மனிதர். கண் கலங்குவார். ஆனால் அந்தப் பிள்ளையை வாசலில் நிறுத்தி வைத்திருக்கிற தர்க்கமும் அவர் மன்றத்தில் சிரிப்பு வாங்கிய தர்க்கமும் ஒன்றுதான். காகிதம் இல்லையென்றால் அது வீடு இல்லை, விளையாட்டு.

பாலத்துக்கு அந்தப் பக்கம் இதே விளையாட்டு இன்னும் நேர்த்தியாக நடக்கிறது. சிங்கப்பூரில் கட்டி முடிக்காத வீவக வீட்டுக்குச் சேர்ந்து விண்ணப்பம் போடலாமா என்று கேட்பதுதான் காதலைச் சொல்லும் முறை என்று அங்குள்ள நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். நிச்சயித்த ஜோடியாக விண்ணப்பித்து, சாவி வாங்கி மூன்று மாதத்துக்குள் திருமணச் சான்றிதழைக் காட்டினால் போதும். சாவி முதலில், தாலி பிறகு. அதை யாரும் விளையாட்டு என்று சொல்வதில்லை, கெட்டிக்காரத்தனம் என்பார்கள். தனியாள் என்றால் 35 வயது வரை பொறு. அதுவரை நீ அப்பா அம்மாவின் பிள்ளை.

இப்சன் 1879லேயே இந்தப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டிவிட்டார். 'பொம்மை வீடு' நாடகத்தில் நோராவுக்கு எல்லாப் பத்திரமும் உண்டு, மூன்று குழந்தைகள் உண்டு, வங்கியில் உயர்ந்த பதவிக்குப் போகிற கணவன் உண்டு. பொம்மையாக இருந்தவள் அவள்தான். ஐயா அந்த நாடகத்தைப் பற்றி அருமையாகப் பேசக் கேட்டிருக்கிறேன். ஐரோப்பாவில் நடந்தால் இலக்கியம், பிரிக்பீல்ட்ஸில் நடந்தால் சில்லறைத்தனம் போலிருக்கிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, என் வயசுக்காரர்களிடம் ஒன்று சொல்லாமல் போனால் அது நேர்மை இல்லை. ஐயா தப்பான காரணத்துக்காகச் சரியான சொல்லைச் சொல்லிவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம். கதையில் வரும் அந்த இரண்டு பேர் விளையாடவில்லை. ஆனால் கதை விளையாடுகிறது. நம்மில் பெரும்பாலோர் எழுதுகிற சேர்ந்து வாழும் கதைகளை எடுத்துப் பாருங்கள். பால்கனி இருக்கும். பூனை இருக்கும். மழை வந்தே தீரும். காப்பிக் கோப்பையில் ஆவி பறக்கும், இளையராஜா பாடிக்கொண்டிருப்பார், அவள் அவனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு ஏதாவது மொழிபெயர்ப்பு நாவல் வாசிப்பாள். அந்த வீட்டில் கேஸ் தோம்பு தீர்வதே இல்லை. வீட்டுக்காரச் சீனர் டெப்பாசிட்டைத் திருப்பித் தராமல் இழுத்தடிப்பதில்லை. 'இந்தியர்களுக்கு வாடகைக்குக் கிடையாது' என்ற விளம்பரத்தைக் கடந்துதான் அந்த அறைக்கு வந்திருப்பார்கள். கதையில் அது ஒரு வரிகூட இருக்காது. யாருக்கும் காய்ச்சல் வராது. மருத்துவமனைப் பாரத்தில் 'நெருங்கிய உறவு' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று பேனாவோடு ஒருவரும் நிற்க மாட்டார்கள். ஐக்கியா கடையில் கட்டில் மேல் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து போகிற ஜோடிகள் மாதிரி, நம் பாத்திரங்கள் அந்த வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

பாத்திரம் என்றதும் ஞாபகம் வருகிறது. நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது விடுமுறைக்கு அத்தை வீட்டு லயத்துக்குப் போவேன். ஆயாக் கொட்டகைக்குப் பின்னால்தான் எங்கள் குடித்தனம். பால் டின் அடுப்பு, கொட்டாங்குச்சிச் சட்டி, ரப்பர் கொட்டைதான் கறி, செம்மண் சோறு. யார் அப்பா என்பதற்குத்தான் எப்போதும் அடிதடி நடக்கும். ஏனென்றால் அப்பாவுக்கு வேலையே கிடையாது. மரத்துக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும், அதுதான் வேலைக்குப் போவது. திரும்பி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து "சோறு போடு" என்று சொல்ல வேண்டும். சோறு லேட்டானால் கத்தலாம். ஒரு தடவை நான் அப்பாவாக இருக்கிறேன் என்று அடம்பிடித்து வாங்கிவிட்டேன். மரத்துக்குப் பின்னால் போய் நின்றேன். அங்கே எவ்வளவு சலிப்பாக இருந்தது என்று இப்போதும் ஞாபகம் இருக்கிறது. திரும்பி வந்து நானே சட்டியைக் கழுவினேன். "அப்பா சட்டி கழுவக் கூடாது" என்று சொல்லி எல்லாரும் ஆட்டத்தைக் கலைத்துவிட்டார்கள்.

இன்று சேர்ந்து வாழும் நண்பர்கள் வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் சிங்க்கைத்தான் தேடுகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள், கெட்ட பழக்கம். முற்போக்காகப் பேசிக்கொண்டே அவன் நகர்ந்து வரவேற்பறைக்கு வந்துவிடுவான். குழாய்ச் சத்தம் உள்ளே கேட்டுக்கொண்டிருக்கும். தாலி இல்லை, பதிவு இல்லை, மாமியார் இல்லை. ஆனால் சோறு போடு மட்டும் அப்படியே இருக்கிறது. இதை எழுத நமக்குத் தைரியம் வரவில்லை. ஐயா மாதிரி ஆட்கள் பிடித்துக்கொள்வார்கள் என்ற பயம். அதனால் பால்கனியை எழுதுகிறோம். பழைய குடும்பக் கதைகளில் குத்துவிளக்கும் கோலமும் செய்த வேலையை நம் கதைகளில் பூனையும் மழையும் செய்கின்றன.

ஐயாவிடம் கேட்க எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. அந்தக் கதையில் தண்ணீர் வராத நாளில், பதினோராவது மாடியிலிருந்து லிப்டும் வேலை செய்யாமல், இரண்டு பேரும் ஆளுக்கொரு வாளியோடு கீழே தண்ணீர் லோரிக்கு இறங்குகிறார்கள். ஏறும்போது ஏழாவது மாடியில் அவள் வாளியை வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறாள். அவன் தன் வாளியை மேலே வைத்துவிட்டு அவளுடையதை எடுக்கத் திரும்ப வருகிறான். அந்த நான்கு மாடியும் விளையாட்டுதானா ஐயா?

நண்பரிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் அவள் வாணலியைக் கருக்கிவிட்டதாக எழுதியிருக்கிறாய். நான்காம் பக்கத்தில் அதே வாணலியில் முட்டை பொரிகிறது. நடுவில் தண்ணீர் இல்லாத ஒரு நாள் போயிருக்கிறது. யாரப்பா தேய்த்தது?